பூட்டியிருந்தால் காலி

எங்கள் அலுவலகத்தில் எதற்குமே ஆள் கிடையாது. பிறப்புச் சான்றிதழ் கொடுக்க ஆள் இல்லை, தெருவிளக்கு மாற்ற ஆள் இல்லை, சாக்கடை அடைத்துக்கொண்டால் எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆனால் ஊரில் யாருக்கெல்லாம் வீடு இல்லை என்று எழுதித் தர மட்டும் மூன்று பேர் ஏசி காரில் வந்து இறங்கினார்கள்.

நான் சென்னைக்கு மேற்கே ஒரு நகராட்சியில், நகரமைப்புப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் இதே மேசையும் இதே கோப்பும்தான் இருக்கப் போகின்றன.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தைத் தானே தயாரித்து அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. யாருக்கு வீடு இல்லை, யார் ஒழுகுகிற வீட்டில் இருக்கிறார்கள், எங்கே இடம் இருக்கிறது, எங்கே கட்டலாம் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுத வேண்டும். திட்டம் போய்ச் சேராவிட்டால் ஊருக்கு ஒரு வீடும் வராது. எங்கள் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் எந்த வேலை வந்தாலும் செய்வதையே செய்தார். வெளியாளிடம் கொடுத்துவிட்டார்.

ஆலோசகர்கள் வந்தார்கள். மூவரில் எங்களோடு அதிகம் பேசியவர் முப்பது வயதைத் தொடாதவர். கழுத்தில் நாடாவோடு அடையாள அட்டை தொங்கும். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, வாய்க்கு வாய் மேடம்தான். ஆனால் மூன்று மாதத்தில் அவர் ஒரு தெருவிலும் கால் வைத்து நான் பார்க்கவில்லை. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு முறை போனார், அதுவும் பிரியாணி நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதால்.

அவர்கள் கொடுத்த முதல் வரைவில், மீனவக் குடும்பங்களுக்கு அலை தாக்காத உயரத்தில் வீடு கட்ட வேண்டும் என்று ஒரு அத்தியாயமே இருந்தது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே முழுச் சென்னையும் படுத்திருக்கிறது. வேறு ஏதோ ஊருக்கு எழுதியதை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏரி இருக்கிறதே, மீன் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள்தானே என்றார். கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். எங்கள் அலுவலகத்தில் கேட்பவரே பாத்திரத்தையும் ஏந்திக்கொண்டு நின்றார். எனக்குச் சீ என்றாகிவிட்டது.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அங்கே வீடு என்பது வேலையோடு வரும், வேலையோடு போகும். அப்பா ஓய்வு பெற்றதும் ஒரு ஆள் அட்டையும் பேனாவுமாக வந்து எத்தனை பல்பு, எத்தனை குழாய், எத்தனை தாழ்ப்பாள் என்று எண்ணி எழுதிக்கொண்டு போனார். நாங்கள் ஐந்து பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். எங்களை எண்ணுவதற்கு அந்த அட்டையில் இடம் இல்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கையில் அட்டையோடு வீட்டு வாசலுக்கு வருகிற ஆளைக் கண்டால் அன்றிலிருந்து எனக்கு ஆகாது. கடைசியில் நானே அந்த அட்டைக்காரர்களின் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குவதற்கு ஒரு அக்கா இருக்கிறார். ஒப்பந்த வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலை ஏழேகாலுக்கு விளக்குமாற்றோடு தொடங்குவார், பத்து மணிக்கு மேல் டீ வாங்கி வந்து எல்லா மேசைக்கும் ஊற்றுவது அவர்தான். வீடு கால்வாய்க்கரையில். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் மழைநீர்க் கால்வாய், நடுவில் நாற்பத்தொரு வீடுகள். அண்ணனூர் ஷெட்டுக்குப் போகிற ரயில்கள் அங்கே வேகத்தைக் குறைத்து, தகரக் கதவுகளையெல்லாம் ஆட்டிவிட்டுப் போகும். மின் இணைப்பு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. அக்காவோடு மகளும் மகள் பிள்ளையும் இருக்கிறார்கள். மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஆளைப் பார்க்க முடியாது. லேத்துக்கும் தையலுக்கும் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் எல்லோரும் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நடமாட முடிந்த கிழவிகள்கூட ஏதாவது ஒரு கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். நாற்பத்தொரு கதவிலும் பூட்டுத் தொங்கும். ஏழைகள் வாழும் தெருவுக்குப் பகலில் இதைவிடச் சரியான அடையாளம் வேறு இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள ஆலோசகர் வேண்டுமா, சொல்லுங்கள். ஆனால் கணக்கெடுப்பு நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, வேலை நாட்களில் மட்டும் என்று அவர்கள்தான் முடிவு செய்தார்கள். கணக்கெடுப்பவர்கள் கையில் செல்போன். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று விடைகள்: வசிக்கிறார்கள், பூட்டியுள்ளது, காலி. பூட்டியிருந்தால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆலோசகர் கட்டுக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். வார்டு வாரியாகச் சுருக்கப் பட்டியல். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்து, பக்கத்தில் எனக்காக ஒரு கோடு போட்டிருந்தது. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும் என்று அதிகாரி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். ஆலோசகர் பக்கங்களை மூலையில் பிடித்துப் புரட்டிக்கொண்டே வந்தார், நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் அக்கா வந்து டீ வைத்தார். ஒரு கையால் டீயைக் குடித்துக்கொண்டே மறுகையால் போட்டேன். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறேனே, இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பத்து நாள் கழித்துக் கூட்ட அரங்கில் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். பிறகு அதையே பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். மஞ்சள், பச்சை, ஊதா என்று ஊர் முழுக்க வண்ணம். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்த பிறகு அக்கா கப்புகளைப் பொறுக்க வந்தார். நான் விளக்கை அணைக்கப் போனவள் நின்றேன். அக்கா வரைபடத்தின் முன் நின்று விரலால் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

“மேடம், இது பம்பு ரூமு தான?” என்றார். ஆமாம் என்றேன். விரல் கால்வாயின் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து தண்டவாளத்தின் அருகே நின்றது. “அப்போ இதான் எங்க தெரு. இன்னா மேடம், எங்க தெருவுக்கு மட்டும் கலரே அடிக்காம உட்டுகீறாங்க?”

வண்ணம் அடிக்காமல் இல்லை. சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த விளக்கத்தைப் பார்த்தேன். சாம்பல்: காலியாக உள்ள கட்டடங்கள். பின்னாலேயே பரிந்துரையும் இருந்தது. கால்வாய்க்கரையில் காலியாகக் கிடக்கும் நாற்பத்தொரு கட்டடங்களை அகற்றி, அந்த இடத்தில் மலிவு விலை அடுக்ககம் கட்டலாம். சம்பளச் சீட்டும் வங்கிக் கடன் வாங்கும் தகுதியும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கே இருந்தவர்களுக்கு என்ன என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் அவர்கள் கணக்குப்படி அங்கே யாரும் இருந்ததே இல்லை. வழக்கமாக லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்காவது கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், கேட்டிருப்பீர்கள். இவர்களுக்கு அந்த லாரிகூடக் கிடையாது.

அக்காவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், உள்ளதையே சொன்னேன். அவர் கையில் அடுக்கியிருந்த கப்புகளை மெதுவாக மேசைமேல் வைத்தார். “காலியா? நேத்துதான மேடம் கரண்ட்டு பில்லு கட்டினேன்” என்றார்.

அன்று உட்கார்ந்து முழுப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வரியிலும் ‘பூட்டியுள்ளது’. மூன்று முறை போய்ப் பார்த்த நேரமும் இருந்தது. முதல் முறை பதினொன்று. இரண்டாவது பதினொன்றே கால். மூன்றாவது பதினொன்றரை. மூன்றும் ஒரே நாள். விதியை மீறவில்லை பாருங்கள், மூன்று முறை போயிருக்கிறார்கள்! அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். அன்று பதினொரு மணிக்கு எங்கள் கூட்ட அரங்கில் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று ஆய்வுக் கூட்டம். பன்னிரண்டு பேருக்கு டீ வேண்டும் என்று அக்காவிடம் சொன்னது நான்தான். அங்கே அவர் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே எழுதச் சொன்னவர்களுக்கு அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

சுருக்கப் பட்டியலில் இரண்டே கட்டங்கள். வசிப்பவை, வசிக்காதவை. பூட்டிய வீட்டையெல்லாம் தூக்கி இரண்டாவதில் போட்டுவிட்டார்கள். அதன் கீழே என் கையெழுத்து, டீக்கறையோடு.

ஏதோ ஒரு ஆத்திரத்தில் என் சொந்த வீட்டையும் தேடிப் பார்த்தேன். நாங்கள் இருப்பது அறுபது வீடுகள் கொண்ட அடுக்ககம். பெரும்பாலும் ஐடி வேலைக்காரர்கள். கணக்கெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்கால். நான் அலுவலகத்தில், கணவர் அவருடைய அலுவலகத்தில், மகன் கல்லூரியில், கதவில் ஒன்றுக்கு இரண்டு பூட்டு. பதிவில் என்ன இருந்தது தெரியுமா? வசிக்கிறார்கள். மூன்று பேர். தகவல் தந்தவர்: சங்கச் செயலாளர். அறுபது வீட்டையும் இருபது நிமிடத்தில், கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, செயலாளரின் செல்போனில் இருந்த பட்டியலைப் பார்த்து முடித்திருக்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அடுக்ககத்தில் பூட்டினால் வேலைக்குப் போயிருக்கிறார்கள், கால்வாய்க்கரையில் பூட்டினால் ஆளே இல்லை. மறுநாள் அக்காவிடம் இதையும் சொல்லித் தீர்த்தேன். அவர் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆலோசகரிடம் கேட்டதற்கு, “மேடம், டேட்டா ஃப்ரீஸ் ஆயிடுச்சு. டெம்ப்ளேட்ல லாக்டுன்னா நாட் ஆக்குபைடுதான்” என்றார். இனிமேல் எதையும் மாற்ற முடியாதாம், பூட்டியிருந்தால் ஆள் இல்லை என்றுதான் அர்த்தமாம். பாவம், அவருக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

சரி என்று நானே கோப்பில் குறிப்பு எழுதினேன். பூட்டிய வீடுகளைக் காலி என்று சேர்த்தது தவறு, கால்வாய்க்கரையில் மக்கள் வசிக்கிறார்கள், பட்டியலைத் திருத்த வேண்டும் என்று நான்கு வரி. அதிகாரி படித்துவிட்டுக் கோப்பை என் பக்கமே தள்ளினார்.

“சரிபார்த்தேன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தப்புன்னா முதல்ல மெமோ உங்களுக்குத்தான் வரும். யோசிச்சுக்குங்க” என்றார்.

யோசித்தேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ், அடுத்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு, மகன் படிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக வரிசையாக யோசித்தேன். குறிப்பை உருவி, நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாந்தி வருகிறதா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டில் நீட்டினாள். முகம் அப்படி இருந்திருக்கிறது. அலுவலகத்தின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அன்று ஒரேயடியாக என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் மடித்து வைத்ததை அந்தத் தெரு மடித்து வைக்கவில்லை. திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் மேலிடத்தில் போய்க் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். வெறும் மனு கொடுத்தால் குப்பைக்குப் போகும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்தத் தேதியில் பதினொரு மணிக்குத் தான் எங்கே இருந்தேன் என்பதற்கு ஒரு காகிதம் தேடத் தொடங்கினார்கள். கம்பெனியின் வருகை அட்டை, மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டு, பள்ளிக்கூட ஆயாவின் பதிவேட்டு நகல். இந்த நாட்டில் ஒருவர் தன் வீட்டில் இருக்கிறார் என்று காட்ட, அந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இதைக் கற்பனையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்கா என் மேசைக்கு வந்தார். “நான் அன்னிக்கு இங்கதான டீ ஊத்திகினு இருந்தேன். அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடு மேடம்.”

எழுதினேன். இன்ன தேதியில் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை அலுவலகக் கூட்டத்தில் பணியில் இருந்தார் என்று எழுதி, கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். கடைசி வரி வரை உதட்டை அசைத்துப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திரும்ப என் முன்னால் வைத்தார்.

“அந்த லிஸ்ட்டுல படிச்சுப் பாக்காமலே போட்ட இல்ல மேடம். இத்தப் படிச்சுட்டே போடு.”

குரலை உயர்த்தவில்லை, கண்ணில் கோபம்கூட இல்லை. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன், முத்திரையும் குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது.

மனு எங்கெங்கோ சுற்றி, ஒரு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. கால்வாய்க்கரையில் மறுபடி கணக்கெடுக்க வேண்டும். எடுப்பது யார்? அதே ஆலோசகர்கள்தான். எப்போது? புதன்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. ஆணையைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அக்கா அந்த ஒரு நாள் விடுப்புக் கேட்டார். அதிகாரி என்னை அழைத்து, அன்று காலை கணக்கெடுப்பவர்களுக்கு விளக்கக் கூட்டம் இருக்கிறது, அவர் போய்விட்டால் டீ யார் ஊற்றுவது, வேறு நாள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் கணினியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆள் யார் என்பதும் தெரியும். இரண்டும் அவர் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளவே இல்லை. நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அக்காவிடம் புதன்கிழமை வர வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை டீ நான் ஊற்றினேன். அதிகாரி கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார். திரையில் படம் ஓடியது. கணக்கெடுப்பின் முக்கியத்துவம் என்று ஆலோசகர் பேசிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு அக்கா போன் செய்தார். “கதவத் தொறந்து வச்சிகினு குந்திகினு கீறேன் மேடம். இன்னும் ஒருத்தரும் வரல” என்றார். வர வேண்டியவர்கள் எல்லோரும் என் எதிரில் இரண்டாவது டீக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஃபிளாஸ்க்கை மூடினேன். டீ தீர்ந்துபோச்சு, கிளம்பலாம் என்றேன். ஃபிளாஸ்க் பாதி நிறைந்திருந்தது.

கால்வாய்க்கரைக்கு ஒதுக்கப்பட்டவள் கள்ளிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு பெண். முன்பு கால் மணிக்கு ஒரு முறையாக மூன்று தடவை போனவள் இவள் இல்லை, வேறு ஆள். அவள் வண்டியின் பின்னால் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

தெருவில் ஒன்பது கதவுகள்தான் திறந்திருந்தன. மீதி முப்பத்திரண்டிலும் பூட்டு. ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்கிற வேலைகள் அவை. அக்கா அலுவலகத்துச் சேலையில் இல்லை, நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாம்மா” என்றார். அலுவலகத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

ஒன்பது வீட்டையும் எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் முதல் பூட்டின் முன்னால் நின்றாள். இதில் ஆள் இருக்கிறார்கள், எழுது என்றேன் நான். முடியாது மேடம், வீட்டில் இருப்பவர் சொன்னால்தான் செல்போன் ஏற்றுக்கொள்ளும் என்றாள். பொய் சொல்லவில்லை, திரையைத் திருப்பிக் காட்டினாள். தகவல் தந்தவர் யார் என்ற கேள்விக்குக் கீழே இரண்டே விடைகள். குடும்ப உறுப்பினர். சங்கச் செயலாளர்.

நான் அந்த இரண்டாவது வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்காவும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நான்தாம்மா செகரட்டரி. எழுதிக்கோ” என்றார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் அரசு ஊழியர். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிய எந்தக் காகிதத்திலும் தெரிந்து ஒரு பொய் இல்லை, தெரியாமல் எழுதியவைதான் நிறைய. ஆமாம், அவர்தான் என்றேன். சங்கத்தின் பெயர் என்ன என்று கேட்டாள். அக்கா ஒரு நொடி கால்வாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கால்வாய்க்கரை குடியிருப்போர் சங்கம் என்றார்.

அப்புறம் அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். ஒவ்வொரு பூட்டையும் தொட்டுச் சொன்னார். “இந்த ஊட்ல நாலு பேரு. அவன் மண்ணூர்பேட்டைல லேத்து ஓட்றான், அவ ஆஸ்பத்திரில ஆயா. இதுல ரெண்டே பேரு, பெரியவரு வாட்ச்மேனு. இதுல ஆறு பேரு, சின்னவளுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்து அம்மா ஊட்டுக்குப் போய்கீறா, அவளையும் சேத்துக்கோ.” ஒரு இடத்திலும் யோசித்து நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று மாதமும் மூன்று ஆலோசகர்களும் ஏசி காரும் செய்யாததை நைட்டி போட்ட ஒரு பெண் நடந்தே செய்துவிட்டார். ஆனால் அந்த உண்மை உள்ளே நுழைய ஒரு பொய்ப் பதவி தேவைப்பட்டது.

சுருக்கப் பட்டியல் மறுபடி என் மேசைக்கு வந்தது. இந்த முறை பக்கத்தைப் புரட்டும் வேலையை ஆலோசகரிடம் விடவில்லை. நாற்பத்தொரு வரியையும் அளவுகோல் வைத்துப் படித்த பிறகுதான் போட்டேன். வரைபடத்தில் சாம்பல் போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றால் மக்கள் வசிக்கும் இடம், அதே இடத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும். கட்டுவார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் நாளைக்குப் பொக்லைன் வந்து நின்றால் எடுத்துக் காட்ட ஒரு பக்கம் இருக்கிறது.

கடைசிக் கூட்டத்தில் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆலோசகர் திரையில் ஒரு பக்கம் முழுக்கக் கால்வாய்க்கரையைப் போட்டிருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் முன்மாதிரியான பங்கேற்பு என்று தலைப்பு. தங்கள் குழுதான் அந்தச் சங்கத்தை ஊக்குவித்ததுபோலப் பேசினார். வந்தவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தச் செயலாளரைப் பாராட்ட வேண்டும், இன்று அழைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆலோசகர் எங்கள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“சார், உங்க முன்னாடி டீ வைக்கிறாங்களே, அவங்கதான்” என்றேன்.

அக்கா தட்டில் இருந்த மீதி இரண்டு கப்பையும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“நான்தான் சார். எங்க ஊட்ட எப்ப கட்டுவீங்க?” என்றார்.